இடுப்புக் கயிற்றுக்குக் கீழே ஒரு கறுப்புப் புண்

காலை ஐந்தே முக்கால் மணி. பேரளம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் கண் விழித்தபோது நான் முதலில் பார்த்தது, தார்ப்பாய்க்கு வெளியே ஈரப் புல்லில் படுத்திருந்த ஒரு குழந்தையை. முழுக்கைச் சட்டை இல்லை, காலுறை இல்லை. மேலே ஒரு கைவைத்த பனியன் மட்டும், அதுவும் இடுப்புக்கு மேலே ஏறிக் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் காவி வேட்டியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான்கு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம். குத்தாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் மாதாவுக்கு வேண்டிக்கொள்ளாத வீடு குறைவு. பகலில் நடை, இரவில் ஏதாவது தோப்பில் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கை.

அந்தக் குழந்தை என் பக்கத்து வீடு. அப்போது ஐந்து வயது. இரண்டு வயதாகியும் நடக்காமல் இருந்தவள். "இவ நடந்துட்டா ஒன் கோயிலுக்கு நடந்தே கூட்டிட்டு வர்றேன்" என்று வேண்டிக்கொண்டது அவளைப் பெற்றவள். குழந்தை நடந்தது. நேர்த்திக்கடன் செலுத்துவதற்குள் அம்மா இறந்துவிட்டாள். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. அவர் மறுமணம் செய்துகொண்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புதிதாக வந்த பெண் திருப்பனந்தாள் பக்கம். குழந்தை அவளைச் சித்தி என்று கூப்பிடும்.

முந்தின நாள் மாலை தோப்பில் இறங்கியதும் சித்திக்காரி செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் ஓரம் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவள் அதைவிட்டுத் தள்ளி, வெறும் மண்ணாக இருந்த இடத்தில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பாயைப் போட்டாள். குழந்தையின் காலில் வேப்பெண்ணெய் தடவினாள். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, காலுறை. அவள் பிறந்த வீட்டில் மாடுகள் உண்டாம். புல்லில் உண்ணி கிடக்கும், பிள்ளை மேல் ஏறிவிடும் என்றாள்.

தாய்மாமன் சிரித்தார். "என்ன, பேரளத்துல பனி பெய்யுதா? புள்ளயப் பொட்டலமா கட்டி வச்சிருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். "நேந்துக்கிட்டு நடக்குற புள்ள வெறுந்தரையிலதான் படுக்கணும். பாயி, மெத்தையெல்லாம் வீட்டுல." பாயிலிருந்து குழந்தையைத் தூக்கினார்.

"தரை ஈரமா இருக்குங்கண்ணே" என்றாள் அவள்.

"இது எந்தங்கச்சியோட வேண்டுதல்மா. ஒன்னோடது இல்ல."

அவள் பாயைச் சுருட்டி வைத்தாள். குழந்தைக்குப் புழுங்குகிறது என்று சட்டையையும் காலுறையையும் கழற்றியதும் மாமன்தான். காலையில் நான் எழுந்து பார்க்கும்போது, அவள் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து முடியில் ஒட்டியிருந்த புல் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

வேளாங்கண்ணியில் கடைசி மணல் பாதையைக் குழந்தை யார் கையையும் பிடிக்காமல் நடந்து முடித்தது. மாமன் அழுதுவிட்டார். அங்கேயே ஒரு கறுப்புக் கயிறு வாங்கி அவள் இடுப்பில் கட்டினார். அவர் அந்தக் குழந்தைமேல் வைத்திருந்த பாசத்தில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

திரும்பி வந்து ஒன்றரை வாரம் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல். கிளினிக்கில் சாதாரண வைரல் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். உடம்பைத் துணியால் துடைக்கும்போதுதான் சித்தி அதைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அக்கா, கயிறு அறுத்துருச்சு போல." இடுப்புக் கயிற்றுக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டால் குழந்தைக்கு வலிக்கவில்லை. எனக்கும் கயிறு உறுத்திய புண்ணாகத்தான் தெரிந்தது. அவள் கயிற்றை வெட்டி சாமி மாடத்தில் வைத்தாள். புண்ணில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

காய்ச்சல் இறங்கவில்லை. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. குழந்தை கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டு போய்விடலாம் என்று அவள் சொன்னாள். நான் கார் பிடித்துக் கொடுத்தேன். கார் வாசலில் வந்து நின்றபோது, எதிரே பைக்கில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தாய்மாமன் வந்து இறங்கினார்.

குழந்தையை வாங்கித் தோளில் போட்டார். கவுன் மேலே ஏறியது. அவர் கை இடுப்பில் நின்றது.

"கயிறு எங்க?"

"புண்ணு ஆயிருச்சுன்னு வெட்டிட்டேங்கண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். "இது புண்ணா? சிகரெட்டால சுட்ட மாதிரில்ல இருக்கு?"

அதோடு தெருவே கூடிவிட்டது. குனிந்து பார்த்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். ஆமாம், சூடுதான். மூத்தாள் பிள்ளைக்குச் சித்தி சூடு வைப்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத விஷயமில்லை. அதனால் யாருக்கும் இரண்டாவது யோசனை வரவில்லை. மாமன் கைப்பேசியில் படம் எடுத்தார். சிங்கப்பூருக்கு அனுப்பினார், ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். "பெத்தவ இல்லாத புள்ளைக்குச் சித்தி வைத்த சூடு" என்று அதன் கீழே எழுதினார்.

"யாரு சுட்டா? மாமாட்ட சொல்லுடா தங்கம். சித்தியா?" என்று கேட்டார். குழந்தை தலையாட்டியது.

நான் குனிந்து, "பாப்பா, பெரியம்மா சுட்டேனா?" என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டியது. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. மாமன் ஸ்பீக்கரில் போட்டார். "நான் வர்ற வரைக்கும் அவ அந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றது கணவன் குரல். தெரு முழுக்கக் கேட்டது.

அவள் அழவில்லை. "நான் எங்க வேணா போறேன். மொதல்ல புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. காரு நிக்குது" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி மருந்தப் போட்டு ஆத்திட்டா, அப்பறம் சாட்சி ஏது? ஸ்டேஷனுக்குப் போயிட்டுத்தான் மத்ததெல்லாம்."

நான் பிடித்துக் கொடுத்த கார் காவல் நிலையத்துக்குப் போனது. நானும் ஏறிக்கொண்டேன். அங்கே அதிகாரி வரும்வரை காத்திருந்தோம். குழந்தை மரப் பெஞ்சில் மாமன் மடியில் கிடந்தது. குழந்தையைத் தொடக்கூட விடாமல் சித்தியைத் தூணருகே நிற்க வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து வந்த ஒரு பெண் காவலர் குழந்தையின் நெற்றியைத் தொட்டவுடன் கையை எடுத்துவிட்டார். "அய்யோ, கொதிக்குதுங்க. மூச்சு வாங்குறதப் பாருங்க. புகார் எங்கயும் ஓடிப் போவாது. தூக்கிட்டு ஓடுங்க மொதல்ல."

தஞ்சாவூர் போய்ச் சேரும்போது சாயங்காலம். பணியிலிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கவுனைத் தூக்கிப் பார்த்தார். பொருக்கைச் சுற்றி விரலால் அழுத்தினார். அக்குளைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, "எங்கயாவது வெளியில, புல்லுல படுத்தீங்களா?" என்று கேட்டார்.

நான்தான் தோப்பைப் பற்றிச் சொன்னேன்.

"இது சூடு இல்லைங்க. உண்ணிக் காய்ச்சல். புல்லு புதர்ல இருக்கிற ரொம்பச் சின்ன பூச்சி, கண்ணுக்கே சரியாத் தெரியாது. கடிச்ச இடம் இப்படித்தான் கறுக்கும், வலிக்காது. துணி இறுக்கிற இடத்துலதான் பெரும்பாலும் கடிக்கும். இந்தப் பொருக்கப் பார்த்த அன்னைக்கே கொண்டு வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்" என்றார். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள்.

நடைபாதையில் நான் மாமனிடம் சொன்னேன். "புல்லுல படுக்க வச்சது நீங்கதாண்ணே. அவ வேண்டாம்னுதான் சொன்னா."

அவர் சுவரைப் பார்த்தபடி, "நானுந்தான் அதே புல்லுல படுத்தேன். எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார்.

குழந்தை பிழைத்தது. பல நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வலது காது சரியாகக் கேட்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே அந்த நாட்கள் முழுக்க உட்கார்ந்திருந்தது சித்திதான். மாமன் காலையிலும் மாலையிலும் வருவார். அவள் பக்கம் திரும்பாமல் செவிலியரிடம் விசாரித்துவிட்டுப் போவார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கணவன் போன் செய்தார். விஷயம் முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ வீட்டுக்குப் போ" என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் குழுவுல நீங்களே ஒரு வார்த்த போடுங்க. நான் சுடலன்னு."

"அதப் போயி மறுபடி எதுக்குக் கிளறணும்? மச்சான் சங்கடப்படுவாரு."

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். குழந்தையின் துணிகள், மருந்துச்சீட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் அடுக்கி மாமன் காலடியில் வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். திருப்பனந்தாள் போக வேண்டும், கும்பகோணம் பஸ் எங்கே நிற்கும் என்று வாசல் காவலாளியிடம் கேட்டுக்கொண்டு போனாள். பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

குழந்தை இப்போது மாமன் வீட்டில் வளர்கிறாள். இடது காதைத் திருப்பிக் கேட்பாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி நான்தான் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குக் கீழே யாரோ ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட, என் செய்தி மேலே போய்விட்டது. மாமன் தன்னுடைய பதிவை அழித்தார். அதற்குள் அது வெளியே போயிருந்தது.

இன்றும் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிறார்கள். கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வேன்: புல்லில் நேராகப் படுக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கை கால் மூடிய துணி போடுங்கள், போய்ச் சேர்ந்ததும் துணி மாற்றிக் குளிக்க வையுங்கள், அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால் பாருங்கள், காய்ச்சலோடு கறுப்புப் பொருக்கு இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தலையாட்டுகிறார்கள். அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க எங்கள் தெருவுக்கு ஒரு பருப்பளவு கறுப்பு போதுமாக இருந்தது என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சென்ற மாதம் வேறொரு குழுவிலிருந்து அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தது. அதே இடுப்பு, அதே கவுன். ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தது. கீழே, "எல்லோருக்கும் பகிருங்கள்" என்று எழுதியிருந்தது.