பௌர்ணமிக்கு மட்டும் வரும் நிபுணர்கள்

மின்பொறியியல் பேராசிரியர் வேலைக்கு மின்சாரம் தெரிந்திருக்க வேண்டும்; அதே வேலையைத் திருவண்ணாமலையில் பார்ப்பதற்குக் கோயிலில் ஆள் தெரிந்திருக்க வேண்டும். கோயில் ஊர்களில் வாத்தியார் வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் கல்லூரிக்கு வருகிற எந்த நிபுணரும் நமக்காக வருவதில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் ஓடிப்போகாது

நான் நடத்திய முதல் கருத்தரங்குக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டேன். தலைப்பைச் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. தேதியைச் சொன்னேன். "அன்னிக்குப் பௌர்ணமி இல்லையே மேடம்?" என்றார். சரி, தொலையட்டும் என்று பௌர்ணமிக்கே மாற்றினேன். மனைவி, மச்சினி, மச்சினியின் மாமியார் என்று ஒரு பட்டாளத்தோடு வந்து இறங்கினார். பௌர்ணமியன்று இந்த ஊரில் லாட்ஜ் ரூம் பிடிக்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

மேடை ஏறியவர் ஒரு படம் காட்டினார், இன்னொரு படம் காட்டினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நன்றி வணக்கம் சொல்லிவிட்டார். சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் பசங்க கைதட்டித் தீர்த்தார்கள். நான் அவர் பின்னாலேயே ஓடிப்போய், "சார், இன்னும் டிரான்ஸ்ஃபார்மருக்கே வரலையே!" என்றேன். செருப்பைக் கழற்றிக் காரில் போட்டபடியே சொன்னார்: "டிரான்ஸ்ஃபார்மர் எங்க மேடம் ஓடிப்போகுது? அங்க க்யூ ஜாஸ்தி ஆயிடும்."

அரோகரா ஹாரன்

என் ஆராய்ச்சி மாணவி கலையரசி, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிற வீட்டுப் பெண். ஒரு பழைய பெட்ரோல் ஆட்டோவின் எஞ்சினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடவிட்டாள். பேட்டரி மீட்டர் காட்டுகிற சதவீதத்தை நம்ப முடியாது. ஏறியிருக்கிற பாரத்தையும் ரோட்டின் மேடு பள்ளத்தையும் கணக்கில் எடுத்து, வண்டி எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவள் ஆராய்ச்சி. அதைச் சோதித்துப் பார்த்தது கிரிவலப் பாதையில். ஓட்டியவர் கல்லூரி டிரைவர் ஏழுமலை.

வண்டியில் துளி சத்தம் கிடையாது. முன்னால் நடக்கிறவர்களுக்குப் பின்னால் ஆட்டோ வருவதே தெரியவில்லை. ஹாரன் அடித்தால், சாமி கும்பிட வந்தவர்கள் வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது. ஏழுமலை யோசித்தார். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஒரு சத்தம் போட்டார். மொத்தக் கூட்டமும் திரும்பிக் கைகூப்பி, "அரோகரா!" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. ஏழுமலை என்னிடம் வந்து புலம்பினார்: "ஹாரன் அடிச்சா திட்டுறாங்க மேடம், அரோகரான்னா கும்புடுறாங்க. நவுரத்தான் ஒருத்தரும் மாட்டேன்றாங்க."

தேய்பிறையில் வைவா கிடையாது

கலையரசியின் தீசிஸை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினார்கள். "ஒவ்வொரு வரியையும் ரசித்துப் படித்தேன், மிக அருமை" என்று ரிப்போர்ட் வந்தது. இனி அவர் நேரில் வந்து வைவாவில் நாலு கேள்வி கேட்டுவிட்டால் அவள் டாக்டர். ஓசூர் பக்கம் மின்வண்டி செய்கிற கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை கொடுத்து, ஒரு நிபந்தனையும் போட்டிருந்தது. மாசக் கடைசிக்குள் பட்டம் முடித்த சான்று வரவேண்டும், வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

பேராசிரியரிடம் ஒரு தேதி சொன்னேன். "அது தேய்பிறையாச்சே" என்றார். வேறு தேதி சொன்னேன். "அமாவாசை பக்கத்துல எதுக்கு மேடம்?" என்றார். கடைசியில், மாசம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த பௌர்ணமியைப் பிடித்துக்கொண்டார். அதையும் தள்ளிப்போட்டால் வேலை போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியாதது பெரிய விஷயம். கலையரசி ரொம்ப நிதானமாகக் கேட்டாள்: "ஓசூர்க்காரங்களும் பஞ்சாங்கம் பார்ப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க மேடம்."

குபேர லிங்கம் வரைக்கும்

பௌர்ணமியன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்று தெரிந்து, மனிதர் முந்தின நாளே வந்துவிட்டார். "உங்க ஆட்டோலயே ஒரு சுத்து சுத்திடலாமே!" என்றார். பின் சீட்டில் அவர், மனைவி, சம்பந்தி, சம்பந்தியம்மா, தேங்காய் பழக் கூடைகள். முன்னால் ஏழுமலைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு கலையரசி. நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன்.

ஆதி அண்ணாமலை கோயில் வாசலில் நிறுத்தியபோது கலையரசி திரும்பினாள். "சார், இவ்ளோ பாரத்துக்குக் குபேர லிங்கம் தாண்டினதும் வண்டி நின்னுடும். இங்கயே வேற ஆட்டோ பாத்துக்கலாம்" என்றாள். விடிந்தால் வைவா; அடிப்பாவி, வாயை மூடு என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் மீட்டரைக் காட்டினார். "முப்பது பர்சென்ட் இருக்கேம்மா!"

"அந்த மீட்டர் பொய் சொல்லுதுன்றதுதான் சார் தீசிஸே. நீங்கதான் ஒரு வரி விடாம படிச்சீங்களே."

எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது. "தெரியும்மா, சும்மா டெஸ்ட் பண்ணேன்... நீ போப்பா!" என்றார்.

குபேர லிங்கத்தில் இறங்கி, பணம் காசு கொட்ட வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டு ஏறினார்கள். கொஞ்ச தூரம்தான். வண்டி நின்றது. மீட்டர் மட்டும் வெட்கமில்லாமல் இன்னும் சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டதால் காலி ஆட்டோ ஒன்றும் சிக்கவில்லை. பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஆட்டோவைத் தள்ளினார். கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த அவர் மனைவி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அந்தப் பொண்ணு எழுதினதை நீங்க நெஜமாவே படிச்சிருந்தா, நாம இந்நேரம் ரூமுக்குப் போயிருக்கலாம்."

வந்த வேலை

மறுநாள் காலை கலையரசியின் கண்கள் வீங்கியிருந்தன. இந்த ஆள் பழிவாங்காமல் விடமாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். பேராசிரியர் நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். தீசிஸைப் பிரித்தார். பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, விரலால் பிரித்துப் பிரித்துப் படித்தார்.

"குபேர லிங்கம்னு எப்படிம்மா கரெக்டா சொன்னே?" என்றார்.

கலையரசி எழுந்து போர்டுக்குப் போனாள். அவர் மறித்துக் கேட்டார், அவள் மறுத்துச் சொன்னாள், அவர் மறுபடி கேட்டார். கோயிலில் அவர் தரிசனத்துக்கு நான் சொல்லிவைத்திருந்த ஆள் போன் மேல் போன் அடித்துக்கொண்டே இருந்தார், நான் எடுக்கவில்லை. மத்தியானம் தாண்டித்தான் கையெழுத்து விழுந்தது. கலையரசி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? அப்போது எங்கள் கல்லூரித் தாளாளர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "வைவாவை யாராவது இவ்ளோ நேரம் இழுப்பாங்களா மேடம்? ஸ்பெஷல் தரிசனம் போச்சு! பாவம், மனுஷனை வந்த வேலையைப் பாக்க விடாம பண்ணிட்டீங்களே!"

பரீட்சை வைக்க வருகிறவரை ஒரு கேள்வி கேட்க வைப்பதற்கு நடுரோட்டில் ஒரு பேட்டரி சாக வேண்டியிருக்கிறது என்பதுதான் என் இத்தனை வருஷ ஆராய்ச்சியின் முடிவு.