வலி போய்விட்டது என்று சொன்னவள்

முதுகெலும்புக்குள் கிருமி இருப்பது தெரியாமல், வலியை மறைத்துக்கொண்டு, தவக்காலத்தில் சிரித்த முகமாகத் திரிந்தவள் நான். என் பெயர் ஸ்டெல்லா. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறோம். கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், முதலில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும்.

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு இடுப்புக்கு மேலே வலி பிடித்தது. மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றுகிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். தெருமுனை டாக்டர், "டிஸ்க் தேய்மானம்மா, குனியாதீங்க" என்றார். குனியாமல் மெத்தை விரிக்கும் வித்தையை அவர் சொல்லித் தரவில்லை.

எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து அன்பியக் கூட்டம் நடத்துவோம். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் செபம் நடக்கும். ஒரு கூட்டத்தில் தலைவி லூர்து அக்கா என் தலையில் கை வைத்து உருகிச் செபித்தார். என் கணவர் சவரி பக்கத்தில் மண்டியிட்டு அழுதார். அன்று காலை நான் இரண்டு வலி மாத்திரை போட்டிருந்தேன். எழுந்தபோது வலி தெரியவில்லை. "போயிடுச்சிக்கா!" என்று கத்திவிட்டேன். வீடே கை தட்டியது.

அடுத்த கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முந்தின நாளே வலி திரும்பி வந்திருந்தது. ஆனால் அத்தனை பேரும் ஆசையாகப் பார்க்கும்போது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வலி போய்விட்டது என்று சாட்சி சொன்னேன். இரண்டு பேரை அழவும் வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. வலி முன்பு போல இல்லை, இன்னும் கூடியது. படுத்தாலும் குறையவில்லை. சாயங்காலம் ஆனால் குளிர் நடுங்கும், உடம்பு சுடும். யாரிடம் சொல்வேன்? வலிக்கிறது என்று சொன்னால் ஆண்டவரையே பொய்யாக்கியது போல ஆகிவிடுமே. சவரி எலக்ட்ரீஷியன். போகிற வீட்டிலெல்லாம் சுவிட்சு மாட்டிக்கொண்டே என் கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். சோறு இறங்கவில்லை. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறேன் என்று சமாளித்தேன். இளைத்துப் போனேன். "ஸ்டெல்லா என்னமா தவம் இருக்குது பாரு" என்று மெச்சினார்கள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

தினமும் ஒரே செபம்தான். "ஆண்டவரே, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்." வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் கேட்டேன்.

ஒரு ஞாயிறு காலைப் பூசையில் எல்லோரும் மண்டியிட்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. இடது கால் மரத்துக் கிடந்தது. இனி நடக்கவே மாட்டேனோ என்று அங்கேயே அழுதேன். "ஆண்டவரே, மானம் போனால் போகட்டும். நான் நடக்க வேண்டும். யாரையாவது அனுப்பும்" என்று கேட்டேன். முதல் முறையாக உண்மையான செபம்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துத் தூக்கினார். பிடித்தவர் திடுக்கிட்டார்.

"என்னாம்மா, உடம்பு இப்படிக் கொதிக்குது? எத்தினி நாளா?"

"மூணு வாரமா இருக்கும்."

"வலி எங்க?"

"முதுகுலக்கா. போயிடுச்சின்னு சொன்னேன். போகவே இல்ல."

அவர் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர் இல்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து அன்று பூசைக்கு வந்திருந்த நர்ஸ். என் சாட்சியைக் கேட்டிராத ஒருவர் என் பக்கத்தில் வந்து மண்டியிட்டது தற்செயல் என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்கு வருவேன்! "காய்ச்சலும் முதுகுவலியும் சேந்து வந்தா வீட்ல உக்காரக் கூடாது" என்று சொல்லி, சவரியையும் கூப்பிட்டுக்கொண்டு, ஆட்டோவில் கதிர்காமம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். "இது வெறும் தேய்மானம் இல்லம்மா. டிஸ்க்குல கிருமி பூந்திருக்குது. முன்னாடி எங்கயாவது சீழ்க்கட்டி வந்துச்சா?" என்று கேட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்குளில் வந்த கட்டியை நானே அழுத்திப் பிதுக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கிருந்து ரத்தத்தில் ஏறிப் போயிருக்கலாம் என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கால் இரண்டும் போயிருக்கலாம் என்றும் சொன்னார்.

"அப்ப எல்லாருக்கும் டிஸ்க் தேயறதே கிருமியாலதானா டாக்டர்?" என்று சவரி கேட்டார்.

"சிலருக்கு அப்படியும் இருக்குமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. இன்னும் முடிவாத் தெரியல. இவங்களுக்கு வந்தது வேற. இது தெளிவாத் தெரியற தொற்று."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வீடு திரும்பியதும் முதுகுவலிக்காரர்கள் நான்கு பேர் என் மருந்தின் பெயரைக் கேட்டு வந்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை. டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

வார்டில் சவரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட கூடவா சொல்லக் கூடாது?" என்றார். "நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே" என்றேன். அவர் என் மரத்துப்போன காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதார். அவரை அப்படி அழ வைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ஈஸ்டர் வார்டிலேயே போனது. கால் மெல்ல மெல்ல உணர்ச்சிக்கு வந்தது. இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன். யாரும் கை தட்டவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது வேலைக்குப் போகிறேன், மெத்தை தூக்குவதில்லை. சில நாள் முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த முதல் அன்பியக் கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். "அன்னிக்கு நான் சொன்னது நிஜம் இல்ல. எனக்கு வலிச்சிட்டுதான் இருந்துச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன். தன் முட்டிவலி செபத்தால் குணமான கதையை வருடா வருடம் சொல்லும் லூர்து அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"எனக்கும் போகலடி ஸ்டெல்லா. மாடிப்படி ஏற முடியல" என்றார்.

மறுநாளே அவரை நான் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

என் அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லியே செபியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன நாளில்தான் அவர் எனக்குக் கை கொடுத்தார்.