நர்சு ஞானதுரைக்கு எண்ணெய் தேய்த்தவர்

ஞானதுரை நர்சு வேலை பார்க்கிறார் என்றால், தென்காசியில் முதலில் சிரித்துவிட்டுத்தான் மற்ற விஷயம் கேட்பார்கள். ஆறடி உயரம், பட்டாளத்து மீசை, உள்ளங்கை ஒவ்வொன்றும் ஒரு முறம். அதிலும் மனநோய் நர்சு. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், பெங்களூர் போய் ஒரு வருஷம் இதற்கென்றே படித்துவிட்டு வந்திருந்தார்.

"பைத்தியம் பாக்கப் படிப்பு எதுக்கு மாப்ளே? ரெண்டு முழம் கயிறு போதாதா?" என்று மாமனாரே கேட்டார்.

"கெட்டுறது முன்னாலயே தெரியும் மாமா. அவுக்கத்தான் ஒரு வருசம் படிச்சேன்."

மாமனார் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு மாப்பிள்ளை பார்த்திருக்கலாமோ என்று மட்டும் யோசித்தார்.

அறுபத்தொன்றாம் வருஷச் சாரலுக்கு, தென்காசி டாக்டர் ஒருவர் குற்றாலத்தில் வீடு பிடித்து நோயாளிகளை வைத்துப் பார்த்தார். ஞானதுரைக்கு அங்கேதான் வேலை. அருவியில் நின்றால் சித்தம் தெளியும் என்று சனங்கள் வீட்டு ஆளைக் கொண்டுவருவது வழக்கம். தெளியவில்லை என்றால் தண்ணீருக்கு வேகம் பற்றவில்லை என்று இன்னும் உள்ளே தள்ளுவார்கள். அருவியைக் குறை சொன்னால் ஒரு ஆளும் வாசலை மிதிக்க மாட்டான் என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் மாத்திரையும் உண்டு, அருவியும் உண்டு.

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த சங்கரபாண்டி, தன் தம்பி அய்யாத்துரையைக் கையைக் கட்டிக் காரில் கொண்டுவந்து இறக்கினார். தம்பிக்கு வயது நாற்பது. இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை. தலையில் யாராவது கை வைத்தால் ஆளையே பிடித்துத் தள்ளிவிடுவார்.

"பத்து நாள் பாப்பேன்வே நர்சு," என்றார் சங்கரபாண்டி. "கேக்கலைன்னா, சங்கிலி போட்டு வைக்குத எடம் ஒண்ணு இருக்கு. அங்கன கொண்டு விட்டுருவேன். வீட்ல சின்னப் புள்ளைக கெடக்கு."

கல்நெஞ்சுக்காரர் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் கண், தம்பியின் மணிக்கட்டில் கயிறு பதிந்த தடத்தைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு ஞானதுரை பார்த்த வைத்தியத்தைக் கண்டால் எவரும் அவருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்தார்.

"அண்ணாச்சி, மாத்திரை. தூக்கம் வரும், நாக்கு வறளும். சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும்."

சமையல் பார்த்த உலகம்மை, தோசைக்குள் மறைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

"கண்டுபிடிச்சார்னா பெறவு தோசையையும் நம்ப மாட்டாரு."

"ஆமா, நீரு சுடுத தோசையா இருந்தா நானே நம்ப மாட்டேன்," என்று அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றாக இருந்த தோசை நாளடைவில் மூன்றானது. தூக்கம் ஆறு மணி நேரம் வந்தது. அருவிக்கரை வரை அய்யாத்துரை தானே நடந்து வந்தார். ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் பின்னால் போய்விடுவார். ஞானதுரையிடம் வருவதற்கு முன் நான்கு பேர் அமுக்கிப் பிடித்து எண்ணெய் தேய்த்துத்தான் அவரைத் தண்ணீரில் நிறுத்தியிருந்தார்கள். எண்ணெய் என்றால் அடுத்து அமுக்குவார்கள் என்பது அவர் கணக்கு.

பத்தாம் நாளும் வந்தது. சங்கரபாண்டி காரோடு வருகிற நாள். பேச்சு மட்டும் வரவில்லை.

அன்று காலை ஞானதுரை துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்கரைக் கல்லில் தானே உட்கார்ந்தார். கிண்ணத்தை அய்யாத்துரை பக்கம் தள்ளினார்.

"என் முதுகு எனக்கு எட்டலை அண்ணாச்சி. முடிஞ்சா தேய்ச்சு விடுங்க."

ஒரு தடவைதான் சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, குளிர்ந்த எண்ணெயோடு ஒரு கை தோளில் பட்டது. அப்புறம் இரண்டு கை. அப்புறம் உச்சந்தலையில் நன்றாக அரக்கித் தேய்த்தது.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கப்படுகிறவன் நோயாளி, தேய்க்கிறவன் வீட்டு ஆள் என்பது பார்க்கிறவர்களின் கணக்கு. வாசுதேவநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த செண்பகவல்லி ஆச்சி, ஞானதுரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மீசையப் பாரு. ராசா கணக்கா இருக்கான். இவனுக்கா இப்படி ஆவணும்?"

"கிட்டப் போவாதீங்க அத்தே, கடிச்சிருவான்," என்றாள் மருமகள்.

ஞானதுரை திருத்தவில்லை. எண்ணெய் கண்ணில் வழிய, பரிதாபமாகவே உட்கார்ந்திருந்தார். ஆச்சி அய்யாத்துரையிடம் திரும்பினாள்.

"எய்யா, எத்தன நாளா இப்படி இருக்கான்?"

நாமே ஏதாவது சொல்லிவிடலாம் என்று ஞானதுரையின் நாக்கு துடித்தது. சொன்னால் காரியம் கெட்டது. ஒரு வருஷப் படிப்பில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு வராத பாடம். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பத்து நாளா கூட இருக்கேன் ஆச்சி," என்றது பின்னால் ஒரு கரகரத்த குரல். "யாரையும் கடிக்க மாட்டான். நல்ல பையன்."

"பாத்துக்கய்யா. கெட்டிப் போட்டு வைக்கலாம்லா?"

"கெட்டக் கூடாது. கெட்டினா பயந்துருவான்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. நாலடி தள்ளி, காரை விட்டு வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்த சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஞானதுரை எழுந்து அவரிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "இன்னைக்குப் பேசுதாரு. நாளைக்குப் பேசாமலும் இருக்கலாம் முதலாளி. மாத்திரைய நிறுத்தப்படாது. மாசம் ஒருக்கா என்கிட்ட கூட்டிட்டு வரணும்."

"அந்த எடத்துக்கு வரலைன்னு சொல்லி விட்டுருதேன்வே," என்றார் சங்கரபாண்டி. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்தது. அழுகையோடு, எண்ணெய் வழிகிற நர்சைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியாமல் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அய்யாத்துரை அண்ணனை ஒரு தரம் பார்த்தார். மிச்சமிருந்த எண்ணெயை அவர் தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆச்சி திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த வெள்ளச் சட்டைக்காரனுக்குமா? ஒத்த மனுசன் எத்தன பேரத்தான் மேய்ப்பான், பாவம்."