சாரத்தடிச் செபம்

இங்கே கொங்குப் பக்கத்தில் ஆமென் என்ற சொல்லோடும் மரியாதை ஒட்டிக்கொள்ளும். காலையில் பெயின்ட் வேலைக்குக் கட்டிய சாரத்தின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் செபம் சொல்லி முடித்தால், கூட நிற்கும் ஆறேழு பேரும் "ஆமேனுங்க" என்பார்கள். அவர்களில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. மன்னாரில் இருக்கும் உறவுகளும், கனடா, சுவிஸ் என்று போய்விட்டவர்களும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தொண்ணூறில் பத்து வயதுப் பிள்ளையாக இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவன் நான். சத்தியமங்கலம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே மணம் முடித்து, பெயின்ட் அடிக்கப் பழகினேன். இந்த 'ங்க'வைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம். இவ்வளவு மரியாதையாக அழைக்கப்படுகிறவன், ஓர் இரவு வெளியூரில் தங்க இன்னும் அனுமதி கேட்டு நிற்கிறேன்.

செபத்தைத் தொடங்கிவைத்தவன் சந்தியோகு, என் மனைவியின் தம்பி. தெருவில் நின்று பிரசங்கிக்கிற ஆள் இல்லை. சாரம் ஏறுமுன் ஒரு நிமிடம் நின்று, கர்த்தர் கற்பித்த செபத்தை வாய்விட்டுச் சொல்வான், அவ்வளவுதான். எங்களுக்கு வேலை கொடுக்கும் குப்புசாமி மேஸ்திரி சென்னிமலைக்காரர். முதலில் வேடிக்கை பார்த்தார்.

"ஏனுங்க சந்தியோகு, இது புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெக்கிறாப்பலீங்களா?"

"பழம் நசிஞ்சு போகும் மேஸ்திரி. இது நசியாது."

"அப்ப எனக்கும் சேத்திச் சொல்லிப்போடுங்க. முருகங்கிட்ட நா பேசிக்கறேன்."

அப்படியே பழகிவிட்டது. தன் வீட்டு மாடு தீனி எடுக்கவில்லை என்றால்கூட மேஸ்திரி அவனுக்குச் சொல்லி அனுப்புவார். அவனும் போய் மாட்டின் நெற்றியில் கைவைத்துச் செபித்துவிட்டு, காப்பி குடித்து வருவான். இதைவிடப் பெரிதாக விசுவாசத்தை அறிவிக்க அவனுக்குத் தெரியாது.

நாள் கிழமை குறித்துவைப்பது என் வழக்கம். அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி. கோயம்புத்தூர் புறநகரில் ஒரு மாடி வீட்டு வேலை. அன்றும் செபம் சொன்னான். ஒரு சொல்லும் விடவில்லை, பக்கத்தில் நான் நின்றேன். மேல்தட்டுக் கயிறு ஓரிடத்தில் நைந்திருப்பதை மேஸ்திரிக்குக் காட்டினான். கட்டியது அவர்தான். "இன்னிக்கு ஒரு நாள் தாங்குமுங்க, நாளைக்கு மாத்திப்போடலாம்" என்றார். உச்சி வெயில் ஏறுமுன் கயிறு அறுந்து அவன் விழுந்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சந்தியோகுவின் உயிர் போய்விட்டது. போர் முடிந்தபின் மன்னாருக்குத் திரும்பிவிட்ட அவன் அம்மா, என் மாமி, அடக்கத்தைக் கைபேசியில்தான் பார்த்தார். இணைப்பு நடுவில் அறுந்து மறுபடி வந்தது. "மண் போட்டிட்டாங்களோ?" என்று அவர் கேட்டபோது குழி மூடியாகிவிட்டது. அதன்பின் ஒவ்வோர் அழைப்பிலும் மாமிக்கு ஒரே கேள்வி: "கயித்தைக் கட்டினது ஆர்?" நான் இதுவரை பதில் சொல்லவில்லை.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் வேலைக்குத் திரும்பினேன், அதே மேஸ்திரியிடம். முகாம் ஆளை நம்பித் தொடர்ந்து வேலை கொடுக்கிறவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது. துன்பத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றை நிறையப் படித்திருக்கிறேன். அந்த வாரங்களில் அவற்றில் ஒரு பக்கமும் உதவவில்லை. அவனைக் காக்காத செபத்தை இனி என் வாயால் சொல்ல முடியுமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. சொல்லாமல் ஏறிவிடலாம் என்று போனேன். மற்றவர்கள் ஏறவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் சாரத்தடியில் நின்றார்கள்.

"நீங்க சொல்லுங்கண்ணா" என்றான் ஒருவன்.

"சொன்னவன்தானே விழுந்தவன்" என்றேன்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது உங்க சாமி கட்டுன கயிறு இல்லீங்களே" என்றார். பிறகு, "சொல்லுங்க. நீங்க சொல்லாம எனக்குக் கால் எடுத்துவெக்க வரலீங்க."

தொடங்கினேன். இறைவனின் விருப்பம் நடக்கட்டும் என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். சாலையில் ஒரு லாரி போய்த் தூசி அடங்கியது.

"அடுத்தது சோறு கேக்கற எடமுங்க" என்றார் மேஸ்திரி மெதுவாக.

கேட்டேன். அதற்கடுத்த வரி, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்பது. அதை அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். கயிற்றைக் கட்டியது யார் என்று கடலுக்கு அந்தப் பக்கம் மாமி கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கிற ஆள் இந்தப் பக்கம், என் தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறுங்காலோடு நிற்கிறார். அந்த வரியைச் சொன்னேன். மனதாரச் சொன்னேன் என்று மாமியிடம் சொல்ல முடியாது. வாயளவில்தான் சொன்னேன் என்று மேஸ்திரியிடமும் சொல்ல முடியாது.