நனைந்த அரிசி

அந்த வருஷம் ஆடியில் விதைத்த ராகி மழையில்லாமல் கருகிவிட்டது. கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் தானியம் இல்லை. அண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் ஆறு மாதக் கர்ப்பிணியான அண்ணியும்தான். மூன்று வேளையும் ரேஷன் அரிசி.

கார்த்திகையில் புயல் மழை வந்தது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத மழை மொத்தமாகக் கொட்டியதில் ஏரிக்கரை உடைந்து, ரேஷன் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்ததும் கடையைத் திறந்து, நனைந்த மூட்டைகளையே அவிழ்த்து அளந்து போட்டார்கள்.

பையைப் பிரித்தேன். அழுகிய சாக்கும் எலி மூத்திரமும் சேர்ந்த நாற்றம். அரிசி கட்டிகட்டியாக, பச்சைப் பூஞ்சை படர்ந்து கிடந்தது. உடைத்த கட்டிக்குள் புழு நெளிந்தது. திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுநீர் மஞ்சளாகவே வந்தது. முறத்தில் காயவைத்ததைப் பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு கொத்து கொத்திவிட்டு விலகிப் போனது. அதைத்தான் நாங்கள் உலையில் போட்டோம்.

எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

"வேணாம் அண்ணி, நாத்தம் கொடலைப் புடுங்குது."

"வவுத்துல இருக்கறதுக்கு என்னாத்தக் குடுக்கறது பாப்பா?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் அண்ணிக்கு வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டன. நிற்கக்கூட முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் கிடந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய். கக்கூஸிலிருந்து வழிந்த தண்ணீர் பாயின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அண்ணியின் கண் இமையை இழுத்துப் பார்த்த டாக்டரம்மா முகம் சுளித்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. பேரீச்சம்பழம், மாதுளை, தினம் ஒரு முட்டை சாப்பிடணும்னு யாரும் சொல்லலையா?"

அண்ணி குளுக்கோஸ் ஏறும் கையை அசைக்காமல், "சொன்னாங்க. அரிசியே இப்புடி வருதுங்க" என்றாள். டாக்டரம்மா அடுத்த பாய்க்குப் போனார்.

மறுநாள் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்து கடைக்காரர் மேஜையில் கொட்டினேன்.

"மோந்து பாருங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "என்னாம்மா இது? வந்த சரக்கத்தான நான் குடுக்க முடியும்?"

"நீங்க மோந்து பாருங்க. எங்க அண்ணி இதத் தின்னுட்டு ஆஸ்பத்திரில கெடக்கறாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேல அடுக்குன நாலு மூட்ட நனையல. உனக்கு மட்டும் தர்றேன். வெளிய சொல்லாத."

அரிசியின் நாற்றத்தைவிட அந்தக் குசுகுசுப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. நல்லதை யாருக்காக ஒளித்து வைத்திருந்தார்? வாசலைப் பார்த்துக் கத்தினேன்: "உள்ளாற நனையாத மூட்ட இருக்குதாம், எல்லாரும் வாங்க!"

பெண்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். மூட்டைகளை இழுத்துப் பிரிக்கவைத்து, ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டோம். வயிறு நிறையாதுதான், ஆனால் புழு இல்லை. நனைந்த மூட்டைகளை மறுவாரம் ஒரு வேன் ஏற்றிப்போனது. கோழித் தீவனத்துக்கு என்றார்கள். எங்கள் ஊர்க் கோழி என்ன செய்தது என்று பார்த்தவள் நான், நம்பவில்லை.

அண்ணிக்கு மாதம் நிறைவதற்கு முன்பே வலி வந்தது. பிறந்த பெண் குழந்தை தோல் சுருங்கி, என் ஒரு கையில் அடங்கியது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். இப்போது தவழ்கிறாள், கால்கள் இன்னும் குச்சிதான். நல்ல அரிசியாகவே இருந்தாலும் உலை கொதிக்கும்போது அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். கஞ்சியை நான்தான் வடிக்கிறேன்.