வெர்லாவின் துப்பாக்கிக் குழல்

வெர்லா ஹாக்லண்டுக்கு மூக்கு நுனியில் கோபம். மொன்டானாவின் அந்தக் கோதுமைச் சீமையில் அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறும் வாண்டுகளுக்குக்கூட அது தெரியும். ஆனால் தோட்டா அடைக்கும் மேசை முன் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை மயிரிழை பிசகாமல் அழுத்துவாள். குண்டைச் சுழற்றி அனுப்பக் குழலுக்குள் திருகுபோல் வெட்டியிருக்கும் புரி தொடங்கும் இடத்தைக் குண்டின் முனை தொட்டு நிற்க வேண்டும். அப்போதுதான் அவள் துப்பாக்கி சொன்ன பேச்சு கேட்கும்.

இந்த வசந்தத்தில் அளந்து பார்த்தால், புரியின் தொடக்கம் எங்கேயோ முன்னால் போயிருந்தது. நெருப்பு தின்ற தேய்மானம். குழலை ஆறவிடாமல் சுட்டுத் தள்ளினால்தான் இப்படியாகும். அவள் ஒருநாளும் அப்படிச் சுட்டதில்லை.

"நீ எடுத்தியா?" என்று புருஷன் டுவைட்டைக் கேட்டாள்.

"நான் எதுக்கு அதத் தொடப்போறேன்? குழல்னா தேயத்தான் செய்யும் அம்மணி."

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கிவிட்டது. புதுக் குழல் மாட்ட நேரமில்லை. புரியை எட்டுவதற்காகக் குண்டுகளை வெளியே நீட்டி அடைத்தாள். கூட்டின் கழுத்து அவற்றை ஒப்புக்குத்தான் பிடித்திருந்தது.

போட்டியில் கடைசிச் சுற்றுவரை அவள் கைதான் ஓங்கியிருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிய நேரம், மான் கூட்டமொன்று இலக்குகளுக்குக் குறுக்கே சாவகாசமாக நடந்தது.

"நிறுத்துங்க! எல்லாரும் தோட்டாவ வெளிய எடுங்க!" என்று நடுவர் கத்தினார்.

வெர்லா பூட்டைத் திறந்து இழுத்தாள். கூடு மட்டும் வந்தது. குண்டு புரியில் கவ்விக்கொண்டு உள்ளேயே நின்றுவிட, மருந்து முழுக்கத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் கொட்டியது. மான்கள் போயின. மற்றவர்கள் சுட்டார்கள். அவள் மருந்தை வழித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது.

டுவைட் சிரித்துக்கொண்டே வந்தான். "இவ்ளோ நீட்டியா அடைப்பாங்க? போன கோடையில வயல்ல குழி பறிக்கிற தரை அணிலுங்களச் சுட்டுத் தள்ளுனப்போ, கடைத் தோட்டா ஒண்ணுகூட இதுல சிக்கலியே..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்து மேசைகளில் சுட்டவர்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

"வீடு உன் பேர்ல. நிலம் உங்கப்பன் பேர்ல. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணு!" மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் வெர்லா. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேய்யா! கேக்கணும்னுகூட உனக்குத் தோணலையே!"

டுவைட் குண்டு சிக்கிய துப்பாக்கியை வண்டிக்குத் தூக்கிப் போகக் கை நீட்டினான்.

"தொடாத" என்றாள்.