வெந்நீர் நின்ற பங்குனி

எங்கள் வீட்டில் வெந்நீர் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடிக்க வேண்டியிருந்தவள் நான் ஒருத்திதான் என்பது பிறகுதான் புரிந்தது. மற்ற எல்லோருக்கும் அது முன்கூட்டியே தெரியும்.

சிவகாசியில் பங்குனி வெயிலுக்கு யாருக்கு வெந்நீர் வேண்டும் என்று கேட்பீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு வேண்டும். மூன்று மாச மகளைத் தூக்கிக்கொண்டு விருதுநகரில் இருந்த தாய்வீட்டிலிருந்து அப்போதுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். பச்சை உடம்பு பச்சைத் தண்ணீரில் நனைந்தால் ஜன்னி கண்டுவிடும் என்று என் அம்மா ஒவ்வொரு நாளும் கொதிக்கக் கொதிக்க ஊற்றி அனுப்பியிருந்தாள். எனக்காகவே என் வீட்டுக்காரர் குளியலறையில் புதுசாக ஒரு கீசர் மாட்டியிருந்தார். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். அது அணைந்தால் தண்ணீர் தயார். அந்தத் தெருவிலேயே முதல் கீசர் அதுதான் என்று அவருக்கு ஒரே பெருமை.

கீழ்வீட்டில் நாங்கள். மாடியில் அவருடைய அண்ணன் குடும்பம். மாமியாருக்குப் படுக்கை மாடியில், பகலெல்லாம் கீழே என் அடுப்படியில். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இருந்திருந்தால்கூட அப்படி ஒட்டியிருப்பேனா தெரியாது. அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு என் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கீழே வைக்கவே மாட்டாள். எனக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்திருந்தார்கள், மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மேலே இருப்பவர்கள் இறங்கி வந்தால்தான் எனக்கு முகம் பார்க்கக் கிடைக்கும்.

ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரியவில்லை. மறுபடி போட்டேன், அணைத்தேன். ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர், எந்த மெஷின் நின்றாலும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விடுகிற ஆள். அன்றைக்கு மேலே கைகூட வைக்காமல், உள்ளே சூடாக்குகிற காயில் போயிருக்கும், நம்ம ஊர் உப்புத் தண்ணீருக்கு இது எத்தனை நாள் தாங்கும், புதுசுக்கு மதுரைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், சொல்லியாச்சு என்றார். லோக்கலில் மெக்கானிக் இல்லையா என்றேன். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான் என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் மண்டு, பிரஸ்ஸில் ஆர்டர் நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அடுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று போனால் மாமியார் விடவில்லை. கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் வர எத்தனை நாள் ஆகுமோ என்றார். கொல்லையில் எவர்சில்வர் அண்டா நிறையத் தண்ணீரை வெயிலில் வைத்து, உச்சிப்பொழுதுக்குத் தூக்கி வந்து எனக்கும் பிள்ளைக்கும் அவரே ஊற்றினார். அதில் வேப்பங்கொழுந்து மிதந்தது. பிள்ளைக்குச் சொறி சிரங்கு அண்டாது தாயி என்றார். எந்த மாமியார் இப்படிச் செய்வாள் என்று நான் உருகிப்போனேன். உருகினேன் என்பதை இப்போது எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

அந்த நாட்களில் வேறு எதுவுமே எனக்கு வித்தியாசமாகப் படவில்லை, அதுதான் கொடுமை. குழம்பில் தாளிப்பு இல்லை. பால் கொடுக்கிறவளுக்குத் தாளிப்பு ஆகாது என்றார்கள். காரம் இல்லை, கறி மீன் இல்லை, பத்தியம் என்றார்கள். வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது; அம்மன் பொங்கலுக்குத் தெரு முழுக்க எல்லா வாசலிலும்தான் கட்டியிருந்தது. மாடிப் பிள்ளையைக் காணோம். பொங்கல் லீவுக்கு மாமா வந்து ராஜபாளையம் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அக்காவும் கீழே இறங்குவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவளுக்கு முதுகுவலி என்றார்கள். என்மேல் என்ன கோபமோ என்று நான் கிடந்து மருகினேன்.

ஒரு நாள் மந்தாரம் போட்டு வெயிலே இல்லை. அண்டாத் தண்ணீர் சில்லென்று கிடந்தது. அதையே மாமியார் பிள்ளைமேல் ஊற்றினார். பிள்ளை வீறிட்டு உதடு நடுங்க அழுதது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மதுரையாவது மண்ணாங்கட்டியாவது. நான் யார் மகள்? விருதுநகரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரர் மகள். டெஸ்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் வைத்து விளையாடி வளர்ந்தவள்.

மாமியார் மாடிக்குப் போனதும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு டெஸ்டரை எடுத்தேன். கீசர் சுவிட்சில் வைத்தேன், எரியவில்லை. அப்படியென்றால் காயில் போகவில்லை. கரண்ட்டே அதுவரை வரவில்லை. மெயின் போர்டுக்குப் போனேன். கீசருக்கு என்று தனியாக இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன்.

உள்ளே கம்பி இல்லை.

ஃபியூஸ் போனால் கம்பி உருகியிருக்கும். பீங்கானில் கரி படிந்திருக்கும், திருகுக்கு அடியில் துணுக்காவது மிச்சம் இருக்கும். இங்கே ஒரு துணுக்கு இல்லை, கரி இல்லை. துடைத்து வைத்தது போல வெள்ளையாக இருந்தது. இரண்டு திருகும் நன்றாக முடுக்கியிருந்தது. எதைக் கழற்றினாலும் திருகு தொலையாமல் இருக்க அதே இடத்தில் முடுக்கி வைப்பது எங்கள் வீட்டில் ஒரே ஆளின் பழக்கம். மெஷின் பார்க்கிறவரின் பழக்கம்.

கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் இந்த மனுஷன் கழற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அடப் பாவி மனுஷா, பெற்ற பிள்ளையின் குளியலிலா கஞ்சத்தனம்! வரட்டும் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்துக் கேட்கிறேன் என்று பொருமிக்கொண்டே அலமாரியில் கம்பியைத் தேடி எடுத்துப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் குழாயில் ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. பிள்ளையைக் காலில் போட்டுப் பதமாக விளாவி ஊற்றினேன். அது சிரித்தது. நான் மாடியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தேன், அத்தை, வெந்நி வந்துருச்சு என்று.

மாமியார் படிக்கட்டில் இறங்கி வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதலில் சுவிட்சை அணைத்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஆத்தா வந்திருக்கிற வீட்டுல வெந்நி போட்டுட்டியே தாயி."

எனக்கு விளங்கவில்லை. எந்த ஆத்தா, எங்கே வந்திருக்கிறாள் என்றேன். அவர் கையால் மாடியைக் காட்டினார்.

ராஜபாளையமும் இல்லை ஒன்றும் இல்லை. அக்கா மகள் மாடியில் வேப்பிலை விரித்துப் படுத்திருந்தாள். அம்மை போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலைக்கு முதல் தண்ணீர்கூட ஊற்றியாகிவிட்டது. அம்மை போட்ட வீட்டில் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை தாளிக்கக்கூடாது, கறி கூடாது, குளிக்க வெந்நீர் காயவைக்கக்கூடாது. உடம்பே அனலாய்க் கிடக்கும்போது வீட்டில் சூடு ஏற்றினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானும் இந்த மண்ணில் பிறந்து, நெற்றியில் அம்மைத் தழும்போடு இருக்கிறவள்தானே. தாளிப்பு இல்லாததைப் பத்தியம் என்று சொல்லி மறைத்தார்கள், வேப்பிலையைப் பொங்கல் என்று சொல்லி மறைத்தார்கள். வெந்நீரைத்தான் மறைக்க முடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எல்லா விலக்கும் பொருந்தும், அது ஒன்று மட்டும் நேர் எதிர். அதனால் கீசரைக் கெடுத்து வைத்தார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வேறு வீட்டுக்குப் போய்த் தங்கக்கூடாது. சொன்னால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறிவிடுவேனாம். ஏறத்தான் செய்திருப்பேன்! மூன்று மாசக் குழந்தை. முத்து வெடிப்பதற்கு முந்தின நாள்வரை அந்தப் பெண் அதை மடியில் வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகு, அக்குள், தொடை என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்ததும் ஃபியூஸ் கட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். சோற்றில் கை வைக்கவில்லை. அம்மா சொன்னுச்சு என்றார்.

"உங்க அம்மா சொன்னாக, சரி. நீங்க பெத்த பிள்ள இது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

ஆத்தா விஷயத்தில் நான் என்ன செய்ய என்று முணுமுணுத்தார். தினமும் ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். பிள்ளைக்கு வேர்க்கிறது என்று விசிறிக்கொண்டு, மதுரையிலிருந்து காயில் எப்போது வரும் என்று நான் கேட்டால், வந்துரும் வந்துரும் என்று சொல்லிக்கொண்டு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமியார் மறைத்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

உலகத்தில் எனக்கு என்று மிச்சம் இருந்தது ஒரே ஆள். லேண்ட்லைனை எடுத்து விருதுநகருக்குப் போன் போட்டேன். அம்மா குரலைக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீசரில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். இப்பவே அப்பாவைக் கார் எடுத்துக்கொண்டு வரச் சொல் என்றேன்.

"எனக்குத் தெரியும்டி. மாப்ள அன்னைக்கே போன் பண்ணிட்டாரு. நாந்தான் அவகிட்டச் சொல்லாதீகன்னேன். நீ அவசரக்குடுக்கை, கிளம்பி வந்துருவ. ஆத்தா இருக்கிற வீட்டுல இருந்து பிள்ளையோட இங்கன வரக் கூடாதுடி."

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அழுகை வரவில்லை. மூன்று மாசம் கொதிக்கக் கொதிக்க ஊற்றியவள் அவள். பிள்ளைக்குத் தலை துவட்டினாயா, சாம்பிராணி போட்டாயா என்று இத்தனை நாளும் போனில் கேட்டுக்கொண்டும் இருந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறாள்.

சரி, எல்லோரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்கள், நானும் என் இஷ்டத்துக்கு இருப்பேன் என்று வீம்பு வந்துவிட்டது. தினமும் கீசரைப் போட்டேன். பிள்ளைக்கு வெந்நீர்தான் ஊற்றினேன். மாமியார் சிவப்பு விளக்கு எரியும்போது குளியலறைப் பக்கம் திரும்பாமல் நடந்தார். மாடியில் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தப் பெண் தேறி எழுந்துவிட்டாள், இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அக்கா கீழே வந்து வாசல்படியில் நின்றாள், உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். அப்படி அவள் கேட்டதே இல்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த ஒரு வாரத்துக்குள் ஒரு நாள் காலையில் பிள்ளையின் சட்டையைக் கழற்றினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முத்து. உள்ளே நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது.

அந்தப் பெண் மடியில் வைத்துக் கொஞ்சிய நாளிலேயே ஒட்டியது இது, வெந்நீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். என் வீட்டுக்காரர் டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்தார். ஆத்தாவுக்கு மருந்து ஆகாது என்று, டாக்டர் போகிறவரை மாமியார் கொல்லையில் போய் நின்றுகொண்டார். பயப்படாதேம்மா, லேசாகத்தான் வந்திருக்கிறது, சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் சரியாகவும் ஆனது. இன்று அவள் தொப்புளுக்குப் பக்கத்தில் தடம்கூட இல்லை.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு டாக்டர் போனதும் மாமியார் உள்ளே வந்தார், பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் பிடிபிடியென்று பிடித்திருப்பேன்.

எழுந்து மெயின் போர்டுக்குப் போனேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, நான் கழட்டட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கழட்டுனது போதும்" என்றேன்.

ஸ்க்ரூடிரைவரை அவர் கையிலிருந்து வாங்கி, கம்பியை நானே கழற்றினேன். இரண்டு திருகையும் அதே இடத்தில் முடுக்கி வைத்தேன். பிறகு கொல்லைக்குப் போய் அண்டாவைத் தூக்கி வெயிலில் வைத்தேன்.